கூட்டல் சரியாக இருந்தது

பதினோராம் வகுப்புக் கணக்கு நோட்டின்
கடைசிப் பக்கத்தில்
கட்டம் போட்டு எழுதியிருந்தான் நஃபீல்.

பள்ளிக் கட்டணம், நாற்பத்திரண்டு தினார்.
வேன், பதினேழு.
டியூஷன் இரண்டு பாடம், அறுபது.
இகாமா, காப்பீடு: மாதத்துக்கு வகுத்து.
சாப்பாடு என்று எழுதி, அடித்து,
சாப்பாடு, குறைவுதான் என்று மறுபடி.
கண்ணாடி மாற்றியது.
பல் டாக்டர், போன வருஷம்.

கீழே இரட்டைக் கோடு.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்:
நான் இல்லாவிட்டால் மாதம் மிச்சம்.

ஃபஹாஹீலில் ஒரு மீன் இறக்குமதிக் கம்பெனியில்
பத்தொன்பது வருஷமாகக் கணக்கெழுதுகிறவன் நான்.
அல்லாஹ் மன்னிக்கட்டும்,
முதலில் கூட்டிப் பார்த்தேன்.
கூட்டல் சரியாக இருந்தது.

பிறகுதான் கை நடுங்கியது.

எழுத்து அவனுடையது.
கணக்கு என்னுடையது.
"உனக்காகத்தான் இந்த மணல்ல கெடக்கேன்."
ஏசி நின்றுபோன ஜூலையில் சொல்லியிருக்கிறேன்,
இயற்பியலில் ஐம்பத்தொன்று வந்த அன்று,
பேச வேறெதுவும் இல்லாத வெள்ளிக்கிழமைகளில்
சும்மா, சோற்றைப் பிசைந்துகொண்டே.
பாசம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.
போய்ச் சேர்ந்தது பில்.

"நான் அவனை அடிச்சதே இல்லியே."
ஸித்தி ரஹ்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.
அவள் அடுப்பை அணைத்தாள்.
"கேட்டதும் இல்லியே" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"நானுந்தான்."

போன மாதம் பள்ளிக்குக் கூப்பிட்டு
கவுன்சிலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
பையன் கடைசியா எப்போ வாய்விட்டுச் சிரிச்சான்?
நான் வேதியியல் மதிப்பெண்ணைச் சொன்னேன்.
அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு தூசிக்காற்று.
எதிர்க் கட்டிடம் காணாமல் போயிருந்தது.
அவன் கதவைத் தட்டினேன்.
தட்டுவது எனக்குப் புதிது,
அவனுக்கும்; "யாரு?" என்றான்.

நோட்டை மடியில் வைத்துக் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.
ஒத்திகை பார்த்த வாக்கியமெல்லாம்
"உனக்காக" என்றே ஆரம்பித்தது.
விட்டேன்.
கேட்டால் இல்லாததும் வந்துவிடும் என்று
எல்லோரும் பயப்படுகிற அந்தக் கேள்வியைக் கேட்டேன்.
"சாவணும்னு தோணுதா, வாப்பா?"

ஏசி ஓடியது.
"சில நாள்" என்றான்.
பிறகு, "நெறைய நாள்."

என் வாயில் பத்துப் பதில் முண்டியது:
படைத்தவன், உம்மா, ஊர், என் பத்தொன்பது வருஷம்.
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
நிஜமாகவே. உப்புக் கரித்தது.

அவன் பேசினான்.
வேனில் பக்கத்து இருக்கை காலியாகவே வருவது.
பாடத்தைத் திறந்தால் எழுத்துகள் நகர்வது.
கண்ணாடி கைதவறி உடையவில்லை,
ஒருவன் ஷூவால் மிதித்தது.
அக்கறை இல்லாத கழுதை என்று
அன்று நான் ஏசிவிட்டு மாற்றிக் கொடுத்த
அதே கண்ணாடி.

அழுதான். நானும்.
ஸித்தி கதவுக்கு வெளியே நின்றிருக்கிறாள்,
ரொம்ப நேரமாக.

இப்போது செவ்வாய்தோறும் டாக்டர்.
இருபத்தைந்து தினார்ச் சீட்டை
அவன் கண்ணில் படாமல் மடித்தேன்.
பட்டுவிட்டது.
"இதையும் அதுல சேக்கணுமா?"
கேலியா நிஜமா தெரியவில்லை.
தெரியாமலே சிரித்தேன். அவனும், பாதி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று
யாரும் சொல்லவில்லை.
டியூஷனில் ஒன்றை நிறுத்தியாயிற்று.
நேற்று கடலோரம் நடந்தோம்,
அவன் முன்னே, நான் நாலடி பின்னே.
தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் விளக்கோடு நின்றன.
ஒரு புத்திமதி தொண்டைவரை வந்தது,
இருமி விழுங்கினேன்.
ராத்திரி இரண்டாவது பரோட்டா கேட்டான்.
எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே
எண்ணினேன்.

இப்போது மணி இரண்டரை.
அவன் அறை வாசலில் நிற்கிறேன்.
மூச்சு வருகிறது, போகிறது,
வருகிறது.